நிற்கக் கூடாதவை

"அக்கா, கரண்ட் போனா எதெது நிக்கக் கூடாது? அதை மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அஸ்லான் டேப்பும் மார்க்கருமாக எங்கள் வீட்டு மெயின் போர்டு முன்னால் நின்றான். சோலார் பேட்டரி பொருத்துகிறவன். கேள்வியை என்னவோ காப்பிக்குச் சீனி எவ்வளவு என்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் கேட்டதும் ஹாலில் இருந்த நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

முதலில் பேசியது என் மாமியார் நூர் பீவி. "இது என்ன கேள்வி? அவரோட மூச்சு மெஷின்தான்." அவர் சொன்னது நியாயம். மாமா முகம்மது சுல்தான் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவர். புகையும் அடுப்பும் நுரையீரலைத் தின்ற பிறகு கடையைக் கைமாற்றிவிட்டு, இப்போது மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆக்ஸிஜன் மெஷின் அறையைச் சூடாக்கும். சூட்டில் அவருக்கு மூச்சு திணறும். அதனால் ஏர்கானும் ஓட வேண்டும். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றுக்கு அர்த்தமில்லை.

எங்கள் கூரையில் ஏற்கனவே சோலார் தகடுகள் இருந்தன. அவற்றுக்கு ஒரு கெட்ட பழக்கம். வீடு சும்மா கிடக்கும் பகலில் மாய்ந்து மாய்ந்து உழைக்கும். சாயங்காலம் நாங்கள் எல்லா சுவிட்சையும் தட்டிவிடும் நேரத்தில் கைவிரித்துவிடும். சுங்கை பினாங்கில் பொழுது சாய்ந்தால்தான் எங்கள் தெரஸ் வரிசை வீட்டுக்கு உயிர் வரும். மாமாவின் அறை, மாமியின் டிவி நாடகம், துணி துவைக்கும் மெஷின், இவை போதாதென்று என்னுடைய தொழில் வேறு. உருளைக்கிழங்கு வைத்த கரிபாப்பும் சமோசாவும் மடித்து, ஃப்ரீசரில் உறையவைத்து விற்கிறேன். இரண்டு பெரிய ஃப்ரீசர், ஒரு ஓவன். கடை போன பிறகு இந்த வீட்டை ஓட்டுவதில் பாதி என் கணவர் ஷாருலின் ஃபேக்டரி வேலை, பாதி அந்த ஃப்ரீசர்கள். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

பேட்டரி வாங்க வேண்டும் என்று முடிவெடுத்த நாளிலிருந்து நானும் ஷாருலும் எந்த அளவு என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். பெரியது நல்லதுதான், கைக்கு எட்டாது. சின்னது போதாது. கடைசியில் நடுவாந்திரமாக ஒன்று. அதில் பாதியைத் தினமும் சாயங்காலச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம், மீதிப் பாதியை மின்தடைக்காகப் பூட்டி வைத்துவிடலாம் என்றான் அஸ்லான். ஆனால் மின்தடை நேரத்தில் வீடு முழுவதையும் அது தாங்காது. நிற்கக் கூடாதவற்றைப் பொறுக்கி, தனியாக ஒரு சின்ன போர்டில் இணைக்க வேண்டும். எவ்வளவு அதிகம் இணைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும்.

"அப்ப அத்தா ரூம் மட்டும் போடு" என்றார் ஷாருல். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? ஒரு மனிதரின் மூச்சுக்கும் கரிபாப்புக்கும் நடுவே நின்று பேரம் பேச முடியுமா? ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். போன நோன்பில் ஒருநாள் மின்சாரம் போய், ஃப்ரீசரில் இருந்த அத்தனையும் இளகி, மாவும் உருளைக்கிழங்கும் ஒன்றாகக் குழைந்து போயின. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொட்டிவிட்டு, பின்வாசல் சாக்கடையோரம் உட்கார்ந்து அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

பேட்டரி மாட்டிய நாளில் நான் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன், ஷாருல் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலையில். திரும்பி வந்தபோது போர்ச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று, வரிசையாகப் பச்சை விளக்குகளோடு உட்கார்ந்திருந்தது. மாமா நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வாசல் நாற்காலிக்கே வந்துவிட்டிருந்தார். அஸ்லானுக்கும் கூட வந்தவருக்கும் பிரியாணி போட்டுத்தான் அனுப்பினாராம். கடைக்காரப் புத்தி, சாப்பிடாமல் யாரையும் படியிறங்க விடமாட்டார்.

"டெஸ்ட் பண்ணாங்களா மாமா?"

"பண்ணாங்க, பண்ணாங்க. எல்லாம் சரியாத்தான் எரியுது" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த களையைப் பார்த்து, பேட்டரி வந்த தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அது நடந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மத்தியானத்திலிருந்தே மழை. சாயங்காலம் கடலும் ஏறிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் எங்கள் பக்கத்து ஆறு என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஷாருல் வேலையில் இருந்தார். மறுநாள் மாக் மண்டினில் ஒரு கெண்டூரி, கல்யாண விருந்து. கல்யாண வீட்டின் முழுப் பலகாரமும் என் பொறுப்பு. எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது. இரண்டு ஃப்ரீசரையும் மூடியை அமுக்கித்தான் மூட முடிந்தது. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டுச் சமையலறைக்கு வந்தேன். ஹால் இருண்டது. மாமியின் நாடகம் பாதி அழுகையில் நின்றது. எதிர்வீடும் தெரு விளக்கும் இருண்டன.

சமையலறை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஃப்ரீசரும் உறுமிக்கொண்டிருந்தன.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, தப்பித்தேன் என்று மூடியின் மேல் கையைக்கூட வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. இது ஓடக் கூடாதே. இது ஓடுகிறது என்றால் அங்கே?

மாமாவின் அறையிலிருந்து மெஷினின் எச்சரிக்கை மணி விடாமல் கத்த ஆரம்பித்தது.

ஓடினேன். மாமி ஒரு கையில் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மாமாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா கட்டிலின் விளிம்பில் முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்காலையும் பிடித்தபடி காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். கட்டிலடியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொண்டுபோகிற சின்ன சிலிண்டர் இருந்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்து, சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திருப்பினேன். உஸ்ஸென்று சத்தம் வந்ததும் குழாயை மாற்றிச் செருகினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவர் தோள் இறங்கியது. ஆனால் அந்தச் சிலிண்டர் வழிப்பயணத்துக்கானது, ஒரு மணி நேரம் வந்தால் பெரிது.

"அடுப்படியில மட்டும் லைட்டு எரியுது." மாமி என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீதானே மாத்தச் சொன்னே?"

"மாமி, அல்லாஹ் மேல ஆணையா நான் இல்ல."

"பின்ன யாரு? அந்தப் பொட்டிக்குள்ள யாரோட சாமான் இருக்கு?"

பதில் சொல்ல நேரமில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வருவதாகத்தான் சொன்னார்கள், ஆனால் வாசலில் எட்டிப் பார்த்தால் தெருவில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷாருலைக் கூப்பிட்டால், வரும் வழியில் ஜாமில் மாட்டியிருந்தார். சமையலறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துப் பார்த்தேன், அது சாப்பாட்டு மேசையைத் தாண்டவில்லை. கடைசியில் அஸ்லானைக் கூப்பிட்டேன். மாமி கேட்கட்டும் என்றே ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கரண்ட் போச்சா? ஃப்ரீசர் ஓடுதுல்ல?"

"ஃப்ரீசர் ஓடுது லா! மாமா மெஷின் ஓடல! யாரைக் கேட்டு மாத்துன?"

"அங்கிள்தான் மாத்தச் சொன்னாங்க. மெஷினுக்குத் தனி பேட்டரி ஆஸ்பத்திரியில இருந்து வருது, ரூமை எடுத்துட்டு அடுப்படியைப் போடுன்னாங்க. வீட்டுல மூத்தவங்க சொல்றப்ப, உங்க மருமகளைக் கேட்டுட்டு வரேன்னு நான் எப்படிக்கா சொல்றது?"

ஆஸ்பத்திரியிலிருந்து அப்படி எந்த பேட்டரியும் வருவதாக இல்லை. மாமி கையிலிருந்த வெளிச்சம் கீழே இறங்கியது. மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஸ்லான் அழாத குறையாகப் பேசிக்கொண்டே போனான். மெஷினைச் சமையலறைக்குக் கொண்டுபோய் மாட்டச் சொன்னான். ஓவன் பக்கம் போகவே கூடாது என்றான். பெட்டியில் எத்தனை விளக்கு எரிகிறது என்று கேட்டான். பார்த்துச் சொன்னேன்.

"ஃப்ரீசரும் சேந்து ஓடினா ரெண்டு மணி நேரம்கூட வராதுக்கா. மெஷின் மட்டும்னா அதுக்கு டபுளா தாங்கும்."

நானும் மாமியும் மாமாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனோம். சக்கர நாற்காலி இல்லை, சாதா பிளாஸ்டிக் நாற்காலி. தரையில் கீறிக்கொண்டே நகர்ந்தது. சிலிண்டர் அவர் மடியில், தோளில் அவர் எப்போதும் போட்டிருக்கும் துண்டு. மெஷினைக் கொண்டுவந்து, ஒரு ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கி அந்த இடத்தில் சொருகி, குழாயையும் அதற்கே மாற்றினேன். மணிச் சத்தம் நின்று, பழைய புஸ் புஸ் சத்தம் வந்தது. அடுத்த ஃப்ரீசரின் சுவிட்சையும் அணைத்தேன். உறுமல் அடங்கியது.

மாமா கையை நீட்டினார். நாற்காலியிலிருந்து அந்த சுவிட்ச் எட்டும். தட்டினார். ஃப்ரீசர் உறுமியது.

அணைத்தேன். மறுபடி தட்டினார்.

"மாமா!"

"எனக்கு... சிலிண்டர் இருக்கு." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். "அதுக்கு என்னம்மா இருக்கு?"

"சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஆர்டர் எடுத்தாச்சு. குடுத்தாகணும். பேர் போச்சுன்னா... அவ்ளோதான். நான் பாத்தவன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நோன்புல நீ அழுததையும்தான்" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அன்பு என்று எல்லாரும் சொல்வார்கள், இருக்கட்டும். ஆனால் என்னைக் கேட்காமல் என் தலையில் இப்படி ஒன்றை ஏற்றிவைக்க இவர் யார்? இன்றைக்கு நான் மட்டும் பாசாரில் இருந்திருந்தால்? இவருக்கு ஏதாவது ஆகியிருந்தால், நாளைக்குக் கல்யாண வீட்டில் அந்தக் கரிபாப்பைத் தட்டில் அடுக்குகிறவள் யார்? இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. இப்போது கத்தினேன்.

"செத்துப்போய் ஆர்டர் குடுக்கச் சொல்றீங்களா? யாருக்கு வேணும் அந்தப் பேரு?"

நான் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி ஃப்ரீசருக்குப் பின்னால் எறிந்தேன். மாமி வந்து நாற்காலியைச் சுவரிலிருந்து ஓரடி இழுத்துப் போட்டார். கைபேசி வெளிச்சத்தோடு இருட்டுக்குள் போய்விட்டார். அலமாரிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது மாமியின் கைகொள்ளாமல் போர்வைகள். எங்கள் கட்டில் போர்வை, அவர்கள் கட்டில் போர்வை, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கம்பளி, கடைசியாகத் தொழுகை விரிப்புகள்கூட. ஃப்ரீசர் மேல் ஒவ்வொன்றாக விரித்து, நாலு பக்கமும் இழுத்து, இடுக்குகளில் அமுக்கினார். "குளிர் வெளிய போகாம இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும். மூடியைத் திறந்துடாதே" என்றார். நானும் மறுமுனையைப் பிடித்தேன். வாசலில் தண்ணீர் முதல் படியை நக்கிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கும் கேட்கவில்லை.

இரண்டாவது ஃப்ரீசரின் ஒரு மூலைக்குப் போர்வை போதவில்லை. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை மெல்ல உருவி மாமியிடம் நீட்டினார்.

"உங்களுக்குக் குளிரும்" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாமாவின் கை அப்படியே நீட்டியபடி நின்றது. மெஷின் புஸ் புஸ்ஸென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அதை வாங்கிக்கொண்டேன். துண்டில் இன்னும் அவர் உடம்புச் சூடு இருந்தது.