ஒன்பது வரை எண்ணியவர்கள்

போன ஆவணி இரண்டாம் வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, சீவலப்பேரி போகிற வழியிலுள்ள கல்குழியின் தென்கரையில், மண்ணுக்கடியில் கிடந்த பதினோரு பேர் வாய்விட்டு எண்ணினார்கள். ஒன்பது வரை எண்ணி நிறுத்திக்கொண்டார்கள். அன்றைக்குத் தச்சநல்லூரில் சின்ன வெங்காயம் கிலோ நாற்பத்தெட்டு ரூபாய்; வெயில் நூற்று இரண்டு டிகிரி. இந்த மூன்றையும் இதுவரை யாரும் மறுத்ததில்லை.

பதினோரு பேரும் ஒரே குடும்பம். மூன்று தலைமுறையாக அந்தக் குழியில் சுண்ணாம்புக்கல் உடைத்தவர்கள். முழங்கால் ஆழத்தில் இருந்த குழி பனைமர ஆழத்துக்கு இறங்கியது அவர்கள் கையால்தான். செத்தால் தென்கரையில் புதைப்பார்கள். ஆனால் மேலே கல் நட மாட்டார்கள். ஆயுசு முழுக்கக் கல் சுமந்தவன் நெஞ்சில் செத்த பிறகுமா கல்லை ஏற்றுவது என்று ஆதியில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. கல்லுக்குப் பதில் தலைமாட்டில் ஒரு செம்பருத்தி வைத்தார்கள். நல்ல மனசு, கெட்ட யோசனை. ஆடு மேய்ந்தது போக மிச்சத்தைத் தொண்ணூற்றிரண்டாம் வருஷ வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்புறம் அந்தக் கரையில் எது குழி, எது மேடு என்று கடவுளுக்கே தெரியாது.

அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவள் கலையரசி. வயது நாற்பத்தொன்று, தச்சநல்லூர் எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறாள். பதினோரு பேர் என்ற கணக்கை அவள் அம்மா வடிவம்மாள் சாகும்முன் விரல்விட்டு எண்ணிக் கொடுத்திருந்தாள். கடைசி விரல் கலையரசியின் அப்பா கொம்பையா. அவர் வெடியில் போனபோது இவளுக்கு மூன்று வயது. முகத்துக்காவது ரேஷன் கார்டில் ஒரு போட்டோ இருந்தது. குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல ஆளில்லை. பெற்றவர் எங்கே படுத்திருக்கிறார் என்றும் தெரியாது, எப்படிப் பேசினார் என்றும் தெரியாது என்றால் அது என்ன பிள்ளை என்று அவள் தன்னையே ஏசிக்கொள்வாள்.

குழியைக் குத்தகைக்கு எடுத்த கார்த்திகேசன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வடக்கே கல் தீர்ந்துவிட்டது, தெற்கே இருந்தது, அவ்வளவுதான். அடுத்த வாரச் சனிக்கிழமை காலை தென்கரையை வெட்ட அனுமதி வாங்கியிருந்தார். கலையரசி மனுவோடு ஓடினாள். வருவாய் ஆய்வாளர் விஜயஸ்ரீ பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இங்கன எங்கயோ இருக்குன்னு நான் எழுத முடியாதும்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதினோரு எடத்தையும் காட்டுங்க. காட்டுனா அன்னைக்கே நிறுத்தி வைக்கேன்” என்றார்.

காட்டாவிட்டால் கொம்பையா சிமெண்டாகிவிடுவார். யார் வீட்டுக் கக்கூஸ் சுவரிலோ பூசப்படுவார். கலையரசி கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், தன் ஆட்கள் பாறையைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே தரையைத் தட்டித் தட்டிக் காதை வைத்தாள். பத்து நாள் தட்டினாள். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். மண் எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான் போட்டது.

இங்கே அந்தக் குழியின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்ற இடங்களில் பட்டனை அமுக்கினால் வெடிக்கும். இங்கே இன்றும் திரிதான். எத்தனை திரி பற்றவைத்தார்களோ அத்தனை வெடி கேட்க வேண்டும். குறைந்தால் ஒன்று உள்ளே உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் எல்லாரும் சத்தமாக எண்ணுவார்கள். கணக்குச் சேர்ந்ததும் வெடிக்காரர் “சரி” என்பார். அதற்குப் பிறகுதான் ஆள் இறங்கும். குழிக்காரர்கள் மட்டுமல்ல, சிவப்புக் கொடிக்காக ரோட்டில் நிற்கிற டவுன் பஸ்காரர்களும் எண்ணுவார்கள். எண்பத்தேழில் ஒரு நாள் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய சத்தத்தையும் சேர்த்து வெடிக்காரர் பத்து என்றார். கொம்பையா இறங்கினார். பத்தாவது அப்போதுதான் வெடித்தது.

புதன்கிழமை மதியம் கலையரசி தென்கரையில் உட்கார்ந்து தயிர்ச்சோறு தின்றுகொண்டிருந்தபோது வெடி போட்டார்கள். வாய் நிறையச் சோறு, அவளால் எண்ண முடியவில்லை. குழிக்குள்ளிருந்து ஆட்கள் “நாலு” என்று கத்தினார்கள். அதே நேரம் அவள் உட்கார்ந்திருந்த மண்ணும் நாலு என்றது. பிறந்ததிலிருந்து வெடி வெடித்தால் வாயைத் திறந்தே பழகியவர்கள் அத்தனை பேரும். கீழே இருப்பவர்கள் எண்ணுவது யார் காதில் விழும்? அவள் சோற்றை விழுங்கவே மறந்துபோனாள்.

மறுநாள் வெடிக்காரர் மணிராஜிடம் போய் நின்றாள். “அண்ணே, நாளைக்கு ஒரு நாள் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கீழ உள்ளவங்க எண்ணுதாங்க. சத்தம் எங்கன வருதுன்னு நான் பாத்துக்கிடுதேன்.”

மணிராஜ் அவள் சொன்னதை நம்பினார். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏட்டி, வாய்விட்டு எண்ணியே எங்கய்யாவுக்குக் கணக்கு தப்பாப்போச்சு. அவரு பத்துன்னாரு, ஒங்கய்யா எறங்குனாரு. அதுக்கப்புறம் எங்கய்யா சாவுற வரைக்கும் ஒரு வார்த்த சத்தமாப் பேசல. நீ சும்மா இருக்கச் சொல்லுத. இருவது பேரு எறங்கணும்ட்டி.”

“அப்பம் எங்கய்யாவ ஜல்லி மெசின்ல போடச் சொல்லுதியளா?”

அவர் திரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி வைத்தார். கடைசியில், “மனசுக்குள்ள எண்ணுதேன். தப்பாப்போச்சுன்னா மொதல்ல எறங்கப்போறவன் நாந்தான்” என்றார்.

வெள்ளிக்கிழமை பத்துத் திரி. விஜயஸ்ரீ குடையோடு வந்து கரையில் நின்றார். ரோட்டில் பஸ்ஸை நிறுத்திய கண்டக்டர் மீரா முகைதீன், எல்லாரும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். முன்சீட்டுக் கைக்குழந்தைக்குக்கூடப் பால் கொடுத்து அடக்கினார்கள். கலையரசி சுண்ணாம்புப் பொடிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

முதல் வெடி. “ஒண்ணு” என்றது கரை. பத்துப் பதினைந்து அடி இடைவெளிகளில் ஆண்குரலும் பெண்குரலுமாக, சளிகட்டிய குரல், கீச்சுக்குரல் எல்லாம் சேர்ந்து சொல்லின. விஜயஸ்ரீயின் குடை கீழே விழுந்தது. கலையரசி ஓடினாள். “ரெண்டு” கேட்டதும் ஒரு இடத்தில் ஒரு பிடி பொடி, “மூணு” கேட்டதும் இன்னும் இரண்டு இடத்தில். ஒன்பதாவது வெடிக்கு அவள் பத்து இடத்தில் பொடி போட்டிருந்தாள். ஒன்று பாக்கி. மண்ணோடு மண்ணாகக் குப்புறப் படுத்துக் காத்திருந்தாள்.

பத்தாவது சத்தமும் கேட்டது. மண் பேசவில்லை.

போச்சு என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாரும் கிடைத்தார்கள், அப்பா மட்டும் இல்லை. குழியின் விளிம்பில் மணிராஜ் பத்து விரலையும் மடக்கி முடித்துவிட்டுக் கையைத் தூக்கினார். சரி என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டார்.

“எறங்காதிங்கலே. இன்னும் ஒண்ணு கெடக்கு.”

தொண்டை கட்டிய குரல். கலையரசியின் இடது முழங்கைக்கு நேர் கீழே இருந்து வந்தது. மணிராஜின் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் பையைக் கவிழ்த்து மீதிப் பொடி முழுவதையும் அங்கே கொட்டி, அதன் மேலேயே கிடந்து அழுதாள். முன்பு பத்தாவதாகக் கேட்டது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம்தான்; பத்தாவது திரி இருபது நிமிஷம் கழித்து வெடித்தது. மணிராஜ் முதலில் கால்வைக்கிற படியில் ஆள் மட்டத்துக்குப் பள்ளம்.

விஜயஸ்ரீ அன்று சாயங்காலமே நிறுத்திவைப்பு எழுதினார். ஆதாரம் என்ற இடத்தில், ‘நேரில் கேட்டேன்’ என்று போட்டார். எல்லைக்கல் நட ஆட்கள் வந்தபோது கலையரசி, “சுத்தி நடுங்க, மேல வேண்டாம்” என்றாள். பதினோரு செம்பருத்தி வைத்து முள்வேலி போட்டாயிற்று. கார்த்திகேசன் கிழக்கே பார்த்து வெட்டுகிறார்.

அந்தக் குழியில் இப்போது உயிரோடு இருக்கிறவர்கள் யாரும் எண்ணுவதில்லை. வெடி ஓய்ந்ததும் மணிராஜ் தென்கரையைப் பார்த்து நிற்பார். அங்கிருந்து சரி என்று வந்தால் ஆள் இறங்கும். கலையரசி தினமும் தூக்குவாளியோடு பஸ் ஏறி வந்து, பதினோராவது செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஒங்கப்பா எப்படிப் பேசுவார் என்று எடைமேடையில் யாராவது கேட்டால் இப்போதெல்லாம் தயங்காமல் சொல்கிறாள்: தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கும், ஏழு சொல்லும்போது மட்டும் லேசாக இழுப்பார்.