நீல நாற்காலியில் மிச்சமிருந்த வலி

கல்யாணி வீட்டுக்குப் போன பிறகும் அவளுடைய வலி, நியூசிலாந்தில், ஆக்லாந்தின் தெற்கே ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில், நீல நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தது. அது பார்க்கிங் கட்டணத்தை ஏற்றிய வாரம், விடாத ஜூன் மழை. கல்யாணி ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பார்சல் கட்டுகிறவள். காலையிலிருந்து அவளுக்குத் தாடை இழுத்தது, நடுமுதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போலிருந்தது, குமட்டியது. இதைச் சொல்ல அவள் வாய் திறப்பதற்குள் கணவன் பழனிசாமி முந்திக்கொண்டான். "அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர். ஊர்ல அவங்கம்மாவுக்கு மேலுக்கு முடியல, அதே டென்சனுங்க." டாக்டர் பிரசாத் சென்னைக்காரன், தங்கமான பிள்ளை. நம்மூர்த் தம்பதி வந்தால் கணவனிடம் கேட்பதுதான் மரியாதை என்று பழகியவன். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டான். கல்யாணி எட்டு விரலைக் காட்டினாள், பழனிசாமி நாலு என்றான், பிரசாத் மூன்று என்று எழுதினான். பாரசிட்டமால் கொடுத்து அனுப்பினார்கள். மிச்சம் ஐந்து நாற்காலியில் தங்கிவிட்டது.

அடுத்து அதில் உட்கார்ந்தவன் கட்டை விரல் பிசகி வந்த ஒரு ரக்பி ஆட்டக்காரன். உட்கார்ந்த மாத்திரத்தில் தாடையைப் பிடித்துக்கொண்டு அலறினான். பிரசாத் ஓடிவந்தான், தாதிகள் ஓடிவந்தார்கள், மார்பு முழுக்க ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். இதயம் பழுதில்லாமல் இருந்தது. எழுந்ததும் வலியும் போய்விட்டது. பிறகு குளிர்பான இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவன் ஷூ நாடாவைக் கட்ட உட்கார்ந்தான். அவனுக்கும் அதே அலறல், அதே ஓட்டம், அதே ஈசிஜி. இடையில் ஒரு தாதி உட்கார்ந்து வலிக்கிறது என்றபோது, போய் ஒரு டீ குடித்துவிட்டு வா என்றார்கள். ஆண்களிடம் மட்டும் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, மனசில் ஏதாவது கவலையா என்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பிரிவின் பொறுப்புத் தலைவர் டாக்டர் ஷாமினி. மலேசியாவின் சிரம்பானில் பிறந்து, இங்கே படித்து, மவுண்ட் வெல்லிங்டனில் வீடு வாங்கி, கழுத்தளவு மார்ட்கேஜில் இருப்பவள். பொறுப்பு என்ற சொல் அவள் பதவியின் முன்னால் ஆறு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது. டியூட்டி போடுவது, புகார் கேட்பது, குளிர்காலத்தில் படுக்கைக்கு அடித்துக்கொள்வது எல்லாம் அவள் தலையில். நிரந்தரப் பதவி மட்டும் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போனது. அவளுக்கு அது வேண்டும். நிரந்தரத் தலைவர் சொன்னால்தான் அந்தக் கட்டடத்தில் எதுவும் நடக்கும் என்பதை அவள் தினமும் பார்த்தாள்.

அன்று கூச்சல் என்னவென்று பார்க்க வந்தவள் தானும் நீல நாற்காலியில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாடை, முதுகு, குமட்டல் என்று ஒவ்வொன்றாகக் கவனித்தாள். இது ஒரு பெண்ணின் மாரடைப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அலறல் தொடங்குமுன் அதில் கடைசியாக உட்கார்ந்த பெண் யாரென்று விசாரித்துப் போன் போட்டாள். எடுத்தது பழனிசாமி.

"அவ சமைச்சுட்டு இருக்காளுங்க, இப்ப தேவலைங்க."

"அடுப்ப அணைக்கச் சொல்லுங்க லா. ஆம்புலன்ஸ் வருது."

கல்யாணிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு நீங்கிய அதே நிமிடம் நாற்காலியும் வெறும் நாற்காலியாகிவிட்டது. நம்பாமல் விட்ட வலி நம்பப்படும் வரைக்கும் அங்கேயே இருக்கும் என்று ஷாமினி புரிந்துகொண்டாள். நாற்காலியில் கோளாறு என்று நிர்வாகம் அதே நீலத்தில் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டது. அதிலும் அடுத்தடுத்து வந்த பெண்களின் வலி அப்படியே தங்கியது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஷாமினி விஷயத்தைச் சொன்னாள். எந்தப் பெண்ணையும் வீட்டுக்கு அனுப்புமுன் அவள் எழுந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றாள். கூட்டம் தலையாட்டிவிட்டுப் பார்க்கிங் கட்டணத்துக்குப் போனது. சற்று நேரம் கழித்துப் பிரசாத், அவளுக்கு உதவுகிற எண்ணத்தில்தான், அதே வார்த்தைகளைச் சொன்னான். பொது மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அருமையான யோசனை என்றார். யோசனை பிரசாத்தின் பெயரில் பதிவானது.

அந்த வசந்தத்தில் 'அமர்பவர்' என்று ஒரு புதிய வேலை உண்டாயிற்று. ஏவன்டேல் பக்கத்திலிருந்து ரயிலில் வரும் திடகாத்திரமான பையன்களை எடுத்தார்கள். பெண்கள் உட்கார்ந்து சொன்னால் யாரும் ஓடி வருவதில்லை என்பதால் ஆண்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்திலேயே போட்டார்கள். பையன்கள் ஷிப்ட் முறையில் உட்கார்ந்தார்கள், அலறினார்கள், சம்பளம் வாங்கினார்கள். பல பெண்கள் பிழைத்தார்கள். கருப்பைக் கட்டிகள், குடல்வால் அழற்சிகள், ஒரு மூளை ரத்தக்கசிவு எல்லாம் அவர்கள் அலறிக் கண்டுபிடித்தவை. ஷாமினிக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். பிரசாத் அதைக் கட்டுரையாக எழுதி மாநாட்டில் வாசித்துப் பரிசு வாங்கிவந்து, நன்றியுரையில் அவள் பெயரையும் சொன்னபோது அவளுக்கு வயிறு எரிந்தது. அதுவும் உண்மைதான்.

மறு வருடம் நிரந்தரப் பதவிக்கு ஒருவழியாக நேர்முகத் தேர்வு வைத்தார்கள். பள்ளிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு இந்தச் சுமையைத் தாங்க முடியுமா என்று ஷாமினியிடம் அக்கறையாகக் கேட்டார்கள். பிரசாத்துக்கு இரண்டு பிள்ளைகள். அவனிடம் அவனுடைய தொலைநோக்கு பற்றிக் கேட்டார்கள். பதவி அவனுக்குப் போயிற்று. ஷாமினி தன் டீக் குவளையையும் மணிபிளான்ட் செடியையும் எடுத்துக்கொண்டு அறையைக் காலிசெய்தாள். மோட்டார்வேயில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது அழுதாள். பக்கத்து லேனில் இருந்தவன் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தலைவர் நாற்காலியில் முதல் நாள் உட்கார்ந்த பிரசாத் உடனே எழுந்துவிட்டான். அது மார்பிலும் இல்லை, தாடையிலும் இல்லை. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தொண்டையில் ஏதோ நின்றது. தோளிலிருந்து குதிகால் வரைக்கும் கனத்தது. ஓடிவந்து ஈசிஜி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சுத்தம். சில வாரம் நின்றுகொண்டே வேலை பார்த்தான். ஆனால் நாள் முழுக்க அமர்பவர்களை நிர்வகிக்கிறவனுக்கு இது விளங்காமல் போகுமா. ஒரு மதியம் சாப்பாட்டு அறையில் ஷாமினிக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மேடம், அந்தச் சேர்ல இருக்கறது உங்களுதா?"

"ஆமா லா. வருஷக் கணக்கா இருக்கு."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே."

"சொன்னேன் பிரசாத். ஒவ்வொரு செவ்வாக்கெழமையும் சொன்னேன். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த."

பிரசாத் தயிர்சாதத்தை மூடிவைத்துவிட்டு மேலே போனான். அந்த நாற்காலியில் ஏழு வருட வலி இருக்கிறது, நானே உட்கார்ந்து பார்த்தேன், அது நிஜம், இந்தப் பதவி அவருடையது என்று மேலாளரிடம் சொன்னான். மேலாளர் அவனை உடனே நம்பினார். இரண்டு வாரத்தில் ஷாமினியின் பதவியிலிருந்து பொறுப்பு என்ற சொல் உதிர்ந்தது. இதையும் அவன் வாயால்தான் கேட்டார்கள் என்று அவளுக்குக் கோபம். அந்தக் கோபத்தோடேயே கையெழுத்துப் போட்டாள். அவள் திரும்ப உட்கார்ந்தபோது நாற்காலி லேசாக இருந்தது.

ஷாமினியின் முதல் உத்தரவில் அமர்பவர் வேலை ரத்தானது. பையன்களைப் படுக்கை தள்ளும் வேலைக்கு மாற்றினாள். இனி ஒரு பெண்ணுக்காக யார் பதில் சொல்ல வருகிறாரோ அவர் முதலில் அவள் எழுந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அவள் சொன்னதைவிடக் குறைத்து எழுத விரும்பும் மருத்துவரும் அப்படியே. முதல் மாதம் நிறையப் புகார் வந்தது. பிறகு குறைந்தது. கணவன்மார் சிலர் எழுந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள், சிலர் வெளியே போய்க் காரில் இருந்தார்கள். இப்போது யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. உட்காருமுன் போனையும் சாவியையும் மனைவியிடம் கொடுத்துவிடும்படி சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது.

போன மாதம் கல்யாணி பழனிசாமியோடு வந்தாள், கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று. அன்று ஷாமினியே பார்த்தாள். கேள்வி வருமுன்னே பழனிசாமி போனையும் சாவியையும் நீட்டிவிட்டு, கல்யாணி உட்கார்ந்திருந்த நீல நாற்காலியை நோக்கி நகர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் போனான்.

"நீங்க அப்படியே நில்லுங்க மாமா," என்றாள் கல்யாணி. "நானே சொல்லிக்கறேன்."

அவள் ஏழு என்றாள். ஷாமினி ஏழு என்று எழுதினாள். கல்யாணி எழுந்து ஸ்கேனுக்குப் போனபின், நாற்காலியில் ஒன்றும் இல்லை. நின்று நின்று கால் கடுத்துப்போன பழனிசாமி அதில் உட்கார்ந்து மனைவிக்காகக் காத்திருந்தான்.