கழற்றிப் போட முடியாத சிம்

1

இந்தக் கதை இன்று காலை ஆறே முக்காலுக்கு, சென்னை விமான நிலையத்தின் வாசலில், என் அக்காவிடம் நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. "எல்லாம் செரியா கீதுக்கா" என்றேன். பொய் அவ்வளவுதான்.

இப்போது மதியம் ஒன்றரை. திருப்பதியில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா வானத்தில் இருக்கிறாள். நடுவில் ஒரு விமானம் மாறி, நம் கணக்குக்கு இரவு பத்தரைக்கு ஃப்ராங்க்பர்ட்டில் இறங்குவாள். அதுவரை எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. எழுத்து மட்டும் ஓடுகிறது. அது எப்படி என்று எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி: நகரியைத் தாண்டியதும் மலைகளின் மேல் விடியல் மெல்ல

(வேண்டாம். நான் விடியலைப் பார்க்கவே இல்லை. வாடகைக் காரின் பின்சீட்டில் டேப்லெட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.)

இரண்டாவது: தேவயானி என்ற ஐம்பத்தாறு வயதுப் பெண்மணி தன் வாழ்வில் முதல்முறையாக

(கூடப்பிறந்தவளைப் பெண்மணி என்று எழுதக் கை கூசுகிறது.)

சரி, நேராகவே சொல்கிறேன். தேவயானி என் அக்கா. நகரிக்குப் பக்கத்து ஊரில் அத்தானோடு கரும்பும் வேர்க்கடலையும் பயிர்செய்கிறாள். மகள் நந்திதாவுக்கு ஜெர்மனியில் பிரசவம். அத்தான் கறவை மாடுகளை விட்டுவிட்டு வர மாட்டார். அதனால் தனியாகப் போகிறாள். நடப்பதில் என்னை விடக் கெட்டிக்காரி என்றாலும், பாஷை தெரியாதவள் வழி தவறிவிடக் கூடாது என்று வீல்சேர் ஏற்பாடு செய்திருந்தோம். வாசல் வரை விமான நிலைய ஆட்களே தள்ளிக்கொண்டு போய் விடுவார்கள்.

கண்ணில் புரை அறுவை ஆனதிலிருந்து ஃபோன் எழுத்து அவளுக்குச் சிறிசு. அதனால் நந்திதா ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள், ஃபோன் அத்தானிடமே இருக்கட்டும் என்று. அதில் இ-சிம். கையில் பிடிக்கிற சிம் இல்லை அது. கறுப்புப் புள்ளிகள் நிறைந்த ஒரு சதுரத்தைக் கேமராவுக்குக் காட்டினால் இணைப்பு உள்ளே இறங்கிவிடும். ஜெர்மனியில் கால் வைத்ததும் வேலை செய்யும்.

(* டேப்லெட்டை நான் தெலுங்கு எழுத்துக்கு மாற்றி வைத்தேன். அக்கா பேசுவது தமிழ், படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. நான் எழுதிய எந்தக் கதையையும் அவள் படித்ததில்லை, இதையும் படிக்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.)

3

நந்திதா அந்தச் சதுரத்தை மெயிலில் அனுப்பினாள். மெயிலோ அதே டேப்லெட்டில்தான் திறக்கிறது. டேப்லெட்டின் கேமராவால் தன் திரையைத் தானே பார்க்க முடியாது. நகரியில் ஜெராக்ஸ் கடையில் அதை ஒரு காகிதத்தில் எடுத்து, அக்காவிடம் பத்திரமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்றுச் சாயங்காலம் போய்ப் பார்த்தால் காகிதம் சாமி படத்தின் கீழே இருந்தது. சதுரத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்திருந்தாள், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பது மாதிரி.

"இன்னாக்கா பண்ணிகீற?"

"ஊரு வுட்டு ஊரு போற காயிதம்டா. மஞ்சா வெக்காம எட்த்துக்கினு போவாங்களா?"

அந்தச் சதுரத்துக்கு மூலைகளில் உள்ள கட்டங்கள்தான் அடையாளம். கேமரா தேடித்தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது.

இந்தக் கதையின் முதல் பிரதியை நான் இங்கேயே முடித்திருந்தேன். மஞ்சளால் சிம் ஏறவில்லை, அக்கா அப்படியே விமானம் ஏறிப் போனாள் என்று. சிரிப்பும் வந்தது, தப்பும் அவள் தலையில் விழுந்தது. எனக்கு வசதியாக இருந்தது.

அது நடக்கவில்லை. சதுரத்தை என் ஃபோனுக்கு அனுப்பி, ஃபோன் திரையைக் காட்டினேன். ஒரு நிமிஷத்தில் ஏறிவிட்டது. அக்கா மஞ்சள் காகிதத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "சாமி கையில வெச்சது, இருக்கட்டும்" என்றாள்.

4

நடந்தது இது.

விமான நிலைய வாசலில் கடைசியாக ஒருமுறை டேப்லெட்டைத் திறந்தேன். இ-சிம் பெயருக்குப் பக்கத்தில் 'சேவை இல்லை' என்று இருந்தது. இருக்கத்தானே செய்யும், அது ஐரோப்பாவுக்கான சிம். நந்திதா ஃபோனிலேயே சொல்லியிருந்தாள்: "மாமா, அது இங்க வந்தாதான் சிக்னல் காட்டும். சும்மா நோண்டாதீங்க."

நோண்டினேன்.

நம்மில் யாருக்கும் சிக்னல் போனால் என்ன செய்கிறோம்? சிம்மைக் கழற்றி, வாயால் ஊதி, சட்டையில் துடைத்துத் திரும்பப் போடுகிறோம். வந்துவிடுகிறது. இருபது வருஷப் பழக்கம். அந்த நினைப்பில் 'நீக்கு' என்பதைத் தொட்டேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். பிறகு என் ஃபோனை எடுத்துப் பழைய சதுரத்தை மறுபடி காட்டினேன்.

'இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது.'

மறுபடி காட்டினேன். மறுபடியும் அதே வரி. வீல்சேர்க்காரர் நேரமாகிறது என்று கடிகாரத்தைக் காட்டினார்.

"ஆயிட்ச்சாடா?" என்றாள் அக்கா.

"எல்லாம் செரியா கீதுக்கா."

"நீ பாத்தா செரி" என்று சொல்லி டேப்லெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

5

இந்த 'நான்' என்ற பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. தம்பியாக இருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டாமா? அவன் சொல்லும் சமாதானம் இது: நந்திதாவின் புருஷன், மாப்பிள்ளை மோகன்ராஜ், அங்கே வாசலிலேயே நிற்பார். அக்கா அவரைப் பார்த்துவிடுவாள். டேப்லெட் தேவையே படாது. பயந்துகொண்டு போகிறவளை இன்னும் எதற்குப் பயமுறுத்த வேண்டும்? சிம் கம்பெனிக்குப் புகார் எழுதினேன், இருபத்துநாலு மணி நேரத்தில் பதில் வரும் என்று பதில் வந்தது. ஆகவே இந்தப் பொய் யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு

6

(மேலே உள்ள வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 2.50க்கு மோகன்ராஜிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே தருகிறேன்.)

"மாமா, நந்திதாவுக்கு வலி வந்துடுச்சி, ஆஸ்பத்திரில சேத்துட்டோம். நான் ஏர்போர்ட் போக முடியாது. ஃப்ரெண்டு மாதவி வருவாங்க, ஆனா அவங்க ட்ரெயின் வர ஒன்றரை மணி நேரம் லேட் ஆவும். எங்க உக்காரணும்னு தெலுங்குல எழுதி, மாதவி போட்டோவும் அத்தை டேப்லெட்டுக்கு அனுப்பிட்டேன். இறங்கினதும் பாத்துப்பாங்க இல்ல?"

நான் அனுப்பிய பதில்: "பாத்துப்பாங்க."

இதை ஏன் அனுப்பினேன் என்று கேட்காதீர்கள். விரல் அனுப்பிவிட்டது. காலையில் சொன்ன பொய்க்கு ஆள் துணை வேண்டியிருந்தது போலும்.

7

மூன்று முடிவுகள் யோசித்து வைத்திருக்கிறேன்.

முதலாவது, அங்கே இலவச வைஃபை இருக்கும். யாராவது போட்டுக் கொடுப்பார்கள். (யாரிடம், எந்தப் பாஷையில் கேட்பாள்?)

இரண்டாவது, பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பமோ தெலுங்குக் குடும்பமோ உட்கார்ந்திருக்கும். (கதையில் இப்படி ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து உட்காரவைப்பது சுலபம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

மூன்றாவது, அக்கா பர்ஸிலிருந்து மஞ்சள் காகிதத்தை எடுத்து யாரிடமாவது நீட்டுவாள். அவர்கள் ஃபோனைக் காட்டுவார்கள். மஞ்சளால் அது படிக்காது. மஞ்சள் இல்லாவிட்டாலும் அது செத்த சதுரம்.

நான்காவது முடிவை நான் எழுதவில்லை, ஆனால் அதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். நந்திதா ஐந்து வயதில் புத்தூர்ச் சந்தையில் தொலைந்தபோது, "நின்ன எடத்துல நில்லுக்கா, நான் பாத்துக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். குழந்தை கிடைத்துவிட்டது. அப்புறம் அக்காவைத்தான் ஒரு மணி நேரம் தேடினோம். ஆள் வரவில்லை என்றால் உட்கார்ந்திருக்க மாட்டாள், தேடிக்கொண்டு போய்விடுவாள். மாப்பிள்ளையைக் காணோம் என்றால் அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே போவாள். அங்கே ஜனவரிக் குளிர். காலில் ரப்பர் செருப்பு. ஸ்வெட்டர் பெட்டிக்குள் இருக்கிறது.

8

நான்கு இருபது.

படித்துக்கொண்டு வந்த உங்களுக்கு இது முன்பே தோன்றியிருக்கும். மோகன்ராஜுக்கு ஒரு ஃபோன் போதும். டேப்லெட் வேலை செய்யாது என்று சொன்னால் அவர் வேறு ஆளை அனுப்புவார், விமானக் கம்பெனிக்குச் சொல்வார், வீல்சேர்க்காரரை ஆள் வரும்வரை கூடவே இருக்கச் சொல்வார். இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. எனக்கும் இது செய்தி வந்த நிமிஷத்திலேயே தோன்றியது. தோன்றிய பிறகுதான் மூன்று முடிவுகளை எழுதினேன்.

மதியத்திலிருந்து நான் இந்தக் கதையை எழுதவில்லை. ஒரு ஃபோனைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பிரசவ வலியில் இருக்கும் பெண்ணின் புருஷனிடம், பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது என்ற பயம். நாளைக்கு அக்காவுக்குத் தெரிந்தால் அந்த "நீ பாத்தா செரி"யை இனி எனக்குச் சொல்ல மாட்டாளே என்ற பயம். அதுதான் பெரிய பயம்.

அவள் வந்து சேர்ந்தாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாக எழுதுங்கள், வேறொன்றும் கேட்கவில்லை. என் கை இப்போது ஃபோனுக்கு வேண்டும்.

மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மாமா."

"மாப்ளே, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."