தாயம் விழாமல் காய் இறங்காது

அந்தப் பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் எதுவும் கிடையாது என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. ஒரு சீட்டுக்குப் பத்துப் பேர் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் சும்மா உள்ளே விடுவார்களா? டெஸ்ட் இல்லையாம், பிள்ளையை விளையாடவிட்டுப் பார்ப்பார்களாம். அதில் சரிப்படாத பிள்ளைக்கு சீட் இல்லை என்றால் அதற்குப் பேர் என்னவாம்?

என் பேத்தி உதயாவுக்கு ஏழு வயது. எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இடத்துக்காரன் கட்டடத்தை விற்றுவிட்டான். ஏப்ரலோடு மூடுகிறோம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். சேலையூரில் ஏறி இறங்கிய இடமெல்லாம் மூன்றாம் வகுப்பு நிறைந்துவிட்டது என்றார்கள். மிச்சம் கேம்ப் ரோட்டில் இருந்த இந்த ஒன்றுதான். இதையும் விட்டால் வண்டலூர் தாண்டித்தான் போக வேண்டும். மகன் ஜீவானந்தத்துக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மருமகள் தனம் குரோம்பேட்டை ஜவுளிக்கடையில் காலையில் போய் நின்றால் ராத்திரிதான் உட்காருவாள். பிள்ளையைத் தினம் பஸ் ஏற்றி இறக்க மிச்சம் இருப்பது நான். எனக்கு முட்டி தேய்ந்து பஸ் படி ஏறி மாதக்கணக்காகிறது. ஏழு வயசுப் பெண்ணை ஜி.எஸ்.டி. ரோட்டில் தனியாக அனுப்புகிறதா?

அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்த விளையாட்டை வைத்துப் பார்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, தனம் அதே பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். மடித்த அட்டை. விரித்தால் பாம்பு மாதிரி வளைந்து போகிற ரோடு. ரோடு முழுக்கக் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு கணக்கு. பகடையை உருட்டிக் காயை நகர்த்தி, நிற்கிற கட்டத்தில் இருக்கிற கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். எப்படி ஆடுவது என்று ஒரு தாள் இருந்தது. அத்தனையும் இங்கிலீஷ். நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

"இதுல இன்னா எழுதிகீதும்மா?" என்று தனத்தைக் கேட்டேன்.

"உருட்டணும், போணும், கணக்கு சொல்லணும். அவ்ளோதான் மாமா. சாயங்காலத்துல நீங்க கொஞ்சம் அவகூட ஆடுங்க, புண்ணியமாப் போவும்."

அவ்ளோதான் என்றால் எப்படி? எந்த ஆட்டத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. தாம்பரம் மார்க்கெட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் வண்டி வராத நேரமெல்லாம் தாயம்தான் ஆடுவோம். தாயம் என்றால் ஒன்று. ஒன்று விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். அதுவரை ஆறு விழுந்தாலும் ஐந்து விழுந்தாலும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எதிராளி நிற்கிற கட்டத்துக்குச் சரியாகப் போய்விட்டால் அவனை வெட்டலாம். வெட்டுப்பட்டவன் வெளியே போய் மறுபடி தாயம் போட்டு வர வேண்டும். பொய்யாகத் தாயம் சொன்னவனை நாங்கள் அப்புறம் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதே இல்லை.

அதையே உதயாவுக்கும் வைத்தேன். "தாயம் வுழாம காயைத் தொட்டா அது போங்கு. போங்கு ஆடுறவகூட நான் ஆட மாட்டேன்."

அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதிலும் வெட்டுகிறது. நாக்கைக் கடித்துக்கொண்டு அட்டையைப் பார்ப்பாள். "தாத்தா, நீ இருபத்தேழுல கீற. நான் இருபத்திரண்டு. அஞ்சு போட்டா நீ காலி." போடவும் போடுவாள். என் காயை எடுத்து வெளியே வைக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் தனம் சீக்கிரம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"இன்னா மாமா, நானும் பாத்துகினு கீறேன், ரெண்டு பேரும் சொம்மா உருட்டிகினே கீறீங்க. காய் இன்னும் எறங்கவே இல்ல?"

"தாயம் வுழலம்மா" என்றாள் உதயா.

"நல்ல தாயம். அங்க போயி இவ முழிக்கப்போறா, நீங்க பாக்கப்போறீங்க."

அவள் சொன்னது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. எனக்கு வேறு பயம். அந்தப் பள்ளிக்கூடத்து ஆட்கள் எப்படிப்பட்டவர்களோ. சீட்டை வேண்டியவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, மற்ற பிள்ளைகளைத் தடுக்கி விழவைத்து அனுப்பினால் யார் கேட்பது? அதனால் அங்கே போவதற்கு முதல் நாள் சாயங்காலம் உதயாவை உட்காரவைத்துச் சொன்னேன்.

"அங்க சிரிச்சிகினே பேசுவாங்க. சிரிக்கிறாங்களேன்னு நம்பிடாத. உன்னைத் தப்பா ஆடவெச்சிப் பாப்பாங்க. யாரு சொன்னாலும் போங்கு ஆடாத. புரிஞ்சிதா?"

தலையை ஆட்டினாள். எதைச் சொன்னாலும் ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிற பெண்.

மறுநாள் ஜீவானந்தத்துக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பேர் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்ததால் நான் போனேன். தனம் வழி முழுக்க ஒரே பாட்டு. "மாமா, அங்க வாயைத் தொறக்கக் கூடாது. கேட்டாக்கூட நான் பேசிக்கிறேன். உங்களுக்குக் கும்புடு போடுறேன்."

எங்களுக்கு முன்னால் போன ஒரு ஆள், பிள்ளை முழித்ததும் பின்னாலிருந்து விடையைச் சொல்லிவிட்டானாம். பிள்ளையை எழுப்பி அவனோடு அனுப்பிவிட்டார்கள். அவன் வாசலில் வாட்ச்மேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் உள்ளே போனோம். தனம் என் முழங்கையைக் கிள்ளினாள்.

அறை சின்னது. நடுவில் குட்டை மேசை, அதன்மேல் எங்கள் வீட்டு அட்டையே கொஞ்சம் பெரிதாக. டீச்சர் பேர் ஜான்சி. சின்ன உருவம், ஓயாத சிரிப்பு. நான் சொன்ன அதே சிரிப்பு. உதயாவுக்கு எதிரே கண்ணாடி போட்ட ஒரு பையன். பின்னால் போட்டிருந்த பெஞ்சில் தனமும் நானும் ஒரு பக்கம், அந்தப் பையனின் அம்மா தண்ணீர் பாட்டிலோடு மறுபக்கம்.

"பெரியவங்க யாரும் பேசக் கூடாது, சரியா?" என்றாள் டீச்சர். அப்புறம் பிள்ளைகளிடம், "உருட்டுங்க, வர்ற நம்பர் அளவு போங்க, கட்டத்துல இருக்கிற கணக்கைச் சொல்லுங்க."

பையன் உருட்டினான். நாலு. காயை எடுத்து நாலாவது கட்டத்தில் வைத்து, ஏழும் ஆறும் பதின்மூன்று என்றான். "வெரி குட்."

எனக்குச் சுருக்கென்றது. தாயம் விழாமலே இறக்கிவிட்டானே. டீச்சரும் பேசாமல் இருக்கிறாளே.

உதயா உருட்டினாள். ஐந்து. பகடையைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பையன் மறுபடி உருட்டி, நகர்த்தி, விடை சொன்னான். உதயா மறுபடி உருட்டினாள். ஆறு. மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இது எத்தனைடா கண்ணு?" டீச்சர் பகடையைக் காட்டிக் கேட்டாள்.

"ஆறு, மிஸ்."

"அப்ப ஆறு கட்டம் போ."

உதயா திரும்பி என்னைப் பார்த்தாள். பார்த்துச் சின்னதாக ஒரு சிரிப்பு. நீ சொன்ன மாதிரியே ஏமாற்றப் பார்க்கிறார்கள் தாத்தா, நானா மசிவேன் என்கிற சிரிப்பு.

"வேணாம், மிஸ்" என்றாள்.

"ஏம்மா, எண்ணத் தெரியலையா?"

"தெரியும்."

"அப்ப போ."

"மாட்டேன்."

டீச்சரின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பக்கத்தில் வைத்திருந்த தாளில் என்னமோ எழுதினாள். தனம் வாயைத் திறக்காமல் பல்லுக்குள்ளேயே பேசினாள். "மாமா. இன்னா சொல்லிக்குடுத்தீங்க அவளுக்கு?"

அந்தப் பையன் பாதி ரோடு போய்விட்டான். உதயாவின் காய் வெளியிலேயே நிற்கிறது. இரண்டு விழுந்தது. அப்புறம் மறுபடி ஐந்து. ஒன்று மட்டும் விழவே மாட்டேன் என்கிறது. நான் வேண்டாத சாமி இல்லை. பேசினால் பிள்ளையை எழுப்பி அனுப்பிவிடுவார்கள், வாட்ச்மேனிடம் கெஞ்சின ஆள் கதிதான். பேசாவிட்டால் எண்ணத் தெரியாத பிள்ளை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். கண்ணுக்கு முன்னால் வண்டலூர் பஸ்ஸும் அதன் படியும்தான் தெரிந்தது.

பையன் முடிக்கிற கட்டத்துக்குக் கிட்டே வந்துவிட்டான். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உதயா உருட்டினாள். மூன்று. என் கண்ணுக்கே நன்றாகத் தெரிந்தது, மூன்று புள்ளி.

நான் எழுந்துவிட்டேன்.

"தாயம்!" என்று கத்தினேன். "உதயா, தாயம் வுழுந்துடுச்சி! எறக்கு, எறக்கு!"

உதயா பகடைமேல் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்ல தாத்தா. மூணு."

"எறக்கும்மா, நான் சொல்றேன் இல்ல?"

"மூணு தாத்தா. நீ போங்கு ஆடுற."

அந்தப் பையன் கெக்கேபிக்கே என்று சிரித்தான். தனம் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். டீச்சர் எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்.

"சார், வெளிய போங்க."

"டீச்சர், அது தாயத்துக்காக உக்காந்துகினு கீது. நான்தான்..."

"வெளிய போங்கன்னேன்."

கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் நான் மட்டும். சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய யானையும் பூவும். உட்கார ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. இந்நேரம் பிள்ளையை எழுப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஏன் அனுப்பவில்லை? உள்ளே உட்காரவைத்துத் திட்டுகிறாளோ? ஜீவானந்தம் கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவேன்?

பகடை மேசையில் உருளுகிற சத்தம் கேட்டது. பேச்சு. மறுபடி மறுபடி உருளுகிற சத்தம், ரொம்ப நேரம். அப்புறம் திடீரென்று ஓவென்று ஒரு அழுகை. பிள்ளையின் அழுகை. கதவு சாத்தியிருந்ததால் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டேன். திறக்கத் தைரியம் இல்லை.

உள்ளேயிருந்தே கதவு திறந்தது. அந்தப் பையனின் அம்மா மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்க அவன் விசித்துக்கொண்டிருந்தான்.

"உங்க பேத்தியா? நல்லா வளத்திருக்கீங்க. ஜெயிக்கப்போற நேரத்துல எம் பையனை வெட்டிட்டாளாம். திரும்பவும் முதல்ல இருந்து வரணுமாம். இது எந்த ஊர் ரூல்ஸ்?"

நான் வாயே திறக்கவில்லை. தனம் சொன்ன சொல்லை அந்த நேரத்தில்தான் காப்பாற்றினேன்.

பின்னாலேயே டீச்சர் வந்தாள். உதயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், என் பக்கம் திரும்பாமல்.

"நீங்க தாயம்னு கத்தலைன்னா எனக்குப் புரிஞ்சிருக்காது" என்றாள் டீச்சர். "எங்க வீட்லயும் லீவுன்னா சோழி உருட்டுவோம். சரி, தாயம் விழட்டும்னு விட்டேன். விழுந்த பிறகு பாக்கணுமே! கணக்கெல்லாம் சரசரன்னு சொல்றா. அவன் முடிக்கச் சரியான நம்பர் விழாம நின்ன இடத்துலயே நின்னான். அவன் எங்க இருக்கான், தான் எங்க இருக்கேன், இன்னும் எத்தனை வேணும்னு வாய்விட்டு எண்ணி எண்ணியே போய்ப் பிடிச்சிட்டா. பாவம், அந்தப் பையனைத்தான் தேத்த முடியல. அவனையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நாங்க ஏமாத்துவோம்னு குழந்தைகிட்ட சொல்லி அனுப்பினீங்களாமே?"

"சொன்னேன்."

"ஏங்க?"

"நீ ஏமாத்த மாட்டேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மாமா!" என்று தனம் அலறினாள். "ஸாரி மிஸ், ஸாரி, அவர் எப்பவும் இப்படித்தான்."

"சீட் கீதா இல்லியா, அதைச் சொல்லும்மா" என்றேன்.

"இருக்கு. ஜூன்ல கூட்டிட்டு வாங்க. அதுக்குள்ள இங்க வெட்டு கிடையாதுன்னு சொல்லி வையுங்க."

"வெட்டாம எப்டி மிஸ் ஆடுறது?" என்றாள் உதயா.

ஷேர் ஆட்டோவில் தனம் சிரித்தாள், அழுதாள், ஜீவானந்தத்துக்குப் போன் போட்டுக் கத்தினாள். வாயால் சொன்னதை நம்பலாமா, எழுதி வாங்கியிருக்க வேண்டாமா என்று நான் கேட்டதை அவள் காதிலேயே வாங்கவில்லை. உதயா எப்போதும் என் மடியில்தான் உட்காருவாள். அன்றைக்கு அம்மா பக்கம் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவளே பெட்டியை எடுத்து வந்து அட்டையை விரித்தாள். எனக்கு மூச்சு வந்தது. பகடையை எடுத்து உருட்டினேன். என்ன விழுந்தது என்று பார்க்கக் குனிந்தேன்.

சின்னக் கையால் அதைப் பொத்திக்கொண்டாள்.

"நீ சொல்லாத. நான் பாத்து சொல்றேன்."

விரலை ஒவ்வொன்றாக எடுத்துப் புள்ளியை எண்ணினாள்.

"ரெண்டு. எறங்காது."