கட்ட வேண்டாத தவணை

திருச்சுழிக்கு மேற்கே, பஸ் இரண்டே வேளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர். செவ்வாய்க்கிழமை மகளிர் கடன் குழுக் கூட்டத்துக்குச் சமுதாயக்கூடத்தில் பத்துப் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி தவணையில் குறை வைத்தாலும் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது. அந்தக் குறையை அவர்கள்தான் போட்டு நிரப்ப வேண்டும். ஏழைக்கு ஜாமீன் வைக்க நிலமும் நகையும் இல்லாவிட்டால் என்ன, பக்கத்து வீட்டுக்காரி இருக்கிறாளே என்று எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்த ஏற்பாடு.

மாரீஸ்வரி பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். கடன் வாங்கிப் பிடித்த ஆடுகள் நோயில் செத்துவிட்டன. போர்வெல் லாரியில் வடக்கே போன புருஷன் சங்கையாவின் சம்பளம் முதலாளியிடமே நிற்கிறது. ஒரு மாதமாக அவள் தவணையை மற்றவர்கள்தான் கட்டுகிறார்கள். இன்றைக்கு யாரிடம் என்ன பேச்சு வாங்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடன் கம்பெனியிலிருந்து வசூலுக்கு வந்த கோகுல், பாலவனத்தம் ஊர்ப் பையன், வேலைக்குப் புதிது. அவள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னான்.

"மாரீஸ்வரி அக்கா, நீங்க இனிமே கட்ட வேண்டாம்க்கா. அண்ணன் தவறுனதுக்கு இன்சூரன்ஸ் பாஸாயிருச்சு. கடன் முடிஞ்சது. மனசத் தேத்திக்கோங்க."

"எந்த அண்ணன் சார்?"

"உங்க வீட்டுக்காரருதான்க்கா. சங்கையா அண்ணன்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் போட்ட கூச்சல் கூடத்தையே உலுக்கியது. கோகுலுக்கு முகம் வெளிறிவிட்டது. வீட்டில் மறைத்து வைத்திருந்ததைத் தான் போட்டு உடைத்துவிட்டோம் போல என்று பதறி, தண்ணீர் வாங்கிவரக் கடைக்கு ஓடினான்.

போன வாரம் அவளை வாய்க்கு வந்தபடி ஏசிய கனகலட்சுமிதான் முதலில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். "என்னப் பெத்த ஆத்தா, இந்த வயசுலயா!" என்று அவள் ஆரம்பிக்க, மற்றவர்களும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அத்தனையும் நிஜமான அழுகை. குழுத் தலைவி தங்கச்செல்வி மட்டும் அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சங்கையாவின் போன் அணைந்து கிடந்தது. மாரீஸ்வரி லாரி டிரைவர் தவசியின் நம்பரைப் போட்டாள். அந்தப் பக்கம் இஞ்சின் இரைச்சல், போன் கைமாறுகிற சத்தம், பிறகு சாட்சாத் சங்கையாவின் குரல்.

"என்ன மாரி? எம்போன்ல சார்ஜு இல்ல. குழாய் எறக்கிக்கிட்டு இருக்கோம், சட்டுனு சொல்லு."

மாரீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "இருக்காக! எம் புருசன் இருக்காக!" என்று அவள் வாயெடுத்ததும் தங்கச்செல்வி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். மறு கையால் போனையும் பேச்சுக் கேட்காதபடி பொத்திக்கொண்டாள்.

"கத்தாதடி. பந்தல்குடியில அடிபட்டு ஒரு சங்கையா செத்தாருல்ல, அவரு சாவு சர்ட்டிபிகேட்டத்தான் நகலெடுத்துக் கம்பெனிக்குக் குடுத்தேன். புருசன் செத்தாலும் கடன் தள்ளுபடின்னு இருக்கு. எத்தன வாரம் ஒனக்காக நாங்க தவணைய அழுவுறது? ஒங்கிட்டச் சொல்றதுக்குள்ள இந்தப் பய ஒளறிட்டான்."

மாரீஸ்வரி வாயிலிருந்து அந்தக் கையை விலக்கினாள். "அக்கா, அவுக உசுரோட இருக்காகக்கா!"

"இருக்கட்டுமே. யாரு வேண்டாம்னா? எப்பவோ ஒருக்கா வாரவுக, இருட்டுனதுக்கு அப்புறம் வந்துட்டுப் போகட்டும். நீ பொட்ட அழிச்சுரு, போதும். விசயம் வெளிய தெரிஞ்சா போலீசு வரும். வெள்ளிக்கிழம வரவேண்டிய பெரிய லோனு பத்துப் பேருக்கும் கெடைக்காது. பாத்துக்க."

மாரீஸ்வரி திகைத்துப்போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தப் பெரிய லோனை நம்பித்தான் கனகலட்சுமி மகளை நர்சிங் சேர்த்திருக்கிறாள். பக்கத்தில் இருந்த பிரவீணா தன் வீட்டுக்குக் கூரை போட்டாக வேண்டும். ஒருத்தியாவது, 'என்னக்கா இது அநியாயம்' என்று கேட்பாள் என்று காத்திருந்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை.

வாசலில் கோகுலின் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கச்செல்வி சட்டென்று போனிலிருந்து கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

கனகலட்சுமி மூக்கைச் சிந்தினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"ஏ சங்கையா, எங்க ராசா! எங்கள விட்டுட்டுப் போயிட்டியே!"

அவ்வளவுதான், எட்டுப் பேரும் சேர்ந்துகொண்டார்கள். முன்னைவிட உரக்க, முன்னைவிடக் கண்ணீரோடு. சாவுச் செய்தி கேட்டபோதுகூட மாரீஸ்வரி இப்படிப் பயப்படவில்லை. யாரோ ஒருத்தியின் கை ஆறுதல் போல அவள் நெற்றிப் பொட்டைத் தடவ வந்தது. அதைத் தட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"ஏ மாரி, அங்க யாரு அழுகுறா?" சங்கையா பதறினான். "நம்ம ஊருல யாரு தவறிட்டாக?"

"நீங்கதான்" என்றாள், கூடமே கேட்கும்படி. "லோனு சாரு வந்திருக்காக. அவுககிட்டயே பேசுங்க."

அழுகை ஒரேயடியாக நின்றது. மாரீஸ்வரி எழுந்து, தண்ணீர் பாட்டிலோடு நின்ற கோகுலிடம் போனை நீட்டினாள்.