மேசைக்கு வராத பீஸ்

மங்கலம் ரோட்டில் இருந்த அந்தப் பழைய பனியன் கம்பெனி இப்போது அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது. கீழே காபிக்கடை, மாடியில் கம்ப்யூட்டர் ஆபீஸ், தையல் மிஷின்கள் ஓடிய கூடத்தில் ஓவியக் கண்காட்சி. ஊர் வளர்ந்தால் வளரட்டும், யார் வேண்டாம் என்றது!

அந்தக் கூடத்தில் இருபது வருஷம், தைத்து வந்த பனியன்களில் நூல் பிசிறை வெட்டிச் செக்கிங் பார்த்தவள் ஜெயபாரதி. அவள் புருஷன் அருள்செல்வன் அங்கேயே டெய்லர். அவன் தைக்கிற பீஸெல்லாம் நேரே அவள் மேசைக்குத்தான் வரும். வேண்டுமென்றே நீள நீளமாக நூலை விட்டு அனுப்புவான், குசும்பு பிடித்தவன். "உங்க பிசிற வெட்டியே என்ற வெரலு தேஞ்சு போச்சுங்க" என்று அவளும் சிரித்துக்கொண்டே வெட்டுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மிஷினில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துச் சரிந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

இன்று அதே கூடத்தில் மகள் தமிழ்மதியின் முதல் கண்காட்சி. ஓவியம் படித்த பெண், ஆனால் சுவரில் மாட்டப்போவது தைத்த பனியன்களை.

"பனியனத் தொங்க உட்டா அது படமா கண்ணு?" என்று ஜெயபாரதி கேட்டதற்கு, "வந்து பாரும்மா" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

பெரிய மனுஷர்கள் வருவார்கள், பிள்ளையை ஒரு குறை சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் ஜெயபாரதிக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. இப்போது வேலை பார்க்கும் கம்பெனியில் ஷிப்ட் முடிந்ததும் நேரே வந்துவிட்டாள். மகள் வாசலில் விருந்தாளிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் உள்ளே போனாள்.

கடைசிச் சுவரில் தனியாக ஒரு நீல டீசர்ட். அதன் கீழ்மடிப்பிலிருந்து ஒரு முழத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே, பிசிறோடயே மாட்டி வெச்சிருக்காளே!"

இடுப்பில் செருகியிருந்த, நூல் வெட்டும் டிரிம்மர் கைக்கு வந்தது. நூலை அடியோடு வெட்டிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"அம்மா!" என்று மகள் ஓடி வந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அதையா வெட்டுன? அது அப்பா கடைசியாத் தச்சதும்மா. பாதியில நின்ன பீஸு. பக்கத்து மிஷின்ல தச்ச அந்தோணிராஜ் மாமா அப்படியே எடுத்துக் குடுத்தாரு. நீ அழுவீன்னு இத்தன நாளா ஒளிச்சு வெச்சிருந்தேன். அந்த நூலு அப்பா கையில இருந்து வந்ததும்மா. அதத்தான் எல்லாரும் பாக்கோணும்னு..." வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெயபாரதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கீழே கிடந்த நூலை எடுத்து உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டாள். அவன் சரிந்த அன்றைக்கு, அடுத்த பீஸுக்காக டிரிம்மரோடு மேசையில் காத்திருந்தது நினைவுக்கு வந்தது. காபிக் கோப்பையோடு வந்த விருந்தாளிகள் என்னவென்று புரியாமல் நின்றார்கள்.

"அன்னைக்கு என்ற மேசைக்கு வராம நின்னு போன பீஸு கண்ணு இது" என்று கதறினாள். "இப்பத்தான் வந்துச்சு. வந்ததும் நானே வெட்டி முடிச்சுட்டேனே!"