வாசனைகள் வீடு மாறிய தெரு

மாலை நாலரை மணிக்கு அந்தத் தெருவின் வாசனைகள் வீடு மாறின. மீன்கடையில் முகப்பவுடர் மணத்தது. பல் டாக்டரின் அறையில் பெட்ரோல் நெடி அடித்தது. பேக்கரியில் சுடச்சுட எடுத்த ரொட்டி புதுச் செருப்பு போல மணத்தது. ஆறு மணிக்கு எல்லாம் தத்தம் இடத்துக்குத் திரும்பிவிடும். முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது, இரண்டாவது வாரம் ரொட்டி விற்கவில்லை. மூன்றாவது வாரம், கடைசி வீட்டு மூக்கம்மாவுக்குப் படபடப்பு வரும் நேரத்தில்தான் இது நடக்கிறது என்று தெருக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

மூக்கம்மா என்பது சோப்பு ஆலையில் வைத்த பெயர். முப்பத்திரண்டு வருஷம் முகர்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு துண்டு அவள் மேசைக்கு வரும். சரி என்றால் அச்சுக்குப் போகும், இல்லையென்றால் கொதிகலனுக்குத் திரும்பும். முதலாளியே சென்ட் போட்டுக்கொண்டு அவள் அறைக்குள் நுழைய மாட்டார். மறதி நோய் வந்து இப்போது நாலு வருஷம். ஆலையை மறந்தாள், மகளை அக்கா என்றாள், கணவரைக் கரண்ட் ஆபீஸ்காரர் என்றாள். கடைசியாகச் சொன்னதில் தப்பில்லை. அவர் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், தெருவுக்கே மீட்டர்காரர். நாலரை ஆனால் மட்டும் அவளால் உட்கார முடியாது. கதவைத் தட்டுவாள், கையை முகர்ந்து உதறுவாள், அழுவாள். வெளியே வாசனைகள் கிளம்பும்.

சுகாதார ஆய்வாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து நோட்டீஸ் கொடுத்தார். மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் மூக்கம்மாவை ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களாம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவளும் மீட்டர்காரரும் தனித்தனியாக எங்கும் தங்கியதில்லை.

கெடுவுக்கு முந்தின நாள் மகள் ஒரு நர்ஸை அழைத்து வந்தாள். நறுமண எண்ணெய்களால் மனதை அமைதிப்படுத்தப் பயிற்சி எடுத்தவர். பெட்டியில் லாவண்டர், ரோஜா, எலுமிச்சைப் புல் என்று மூன்று சீசாக்கள். லாவண்டரை மூக்கம்மாவின் ஒரு கையிலும் ரோஜாவை மறு கையிலும் முழங்கை தாண்டிப் பதமாகத் தேய்த்துவிட்டார். மூக்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்து முகர்ந்தாள்.

"இதுல கலப்படம் இருக்கு, திருப்பி அனுப்பு. அது ரோஜாவே இல்ல. யாருகிட்ட ஏமாந்த, கண்ணு?"

நர்ஸுக்கு முகம் சுண்டிப்போயிற்று, மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மூக்கம்மா அடுத்ததாகத் தன் முழங்கை மடிப்பில் மூக்கை வைத்தாள். திடுக்கிட்டாள். மறு கையிலும் வைத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். அன்றைக்கு வாசனைகள் நாலு தெரு தாண்டிப் போயின. ரயில் நிலையத்தில் மீன் மணத்ததாகப் புகார்ப் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

மீட்டர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமான புதிதில் ஆலை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். ஒரு துண்டை முகர்ந்ததும் அவள் தன் முழங்கை மடிப்பை முகர்வாள், அப்புறம்தான் அடுத்த துண்டு. அங்கே மட்டும்தான் ஒன்றும் மணக்காது, மூக்கு சுத்தமாகிவிடும் என்பாள். அதற்காகவே வெறும் தண்ணீரில் குளித்தாள், அவரும் அப்படியே பழகிவிட்டார். சோப்பு ஆலைக்காரி வீட்டில் சோப்பு இல்லை என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். போன மாதம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த மகளோ, ஆசை ஆசையாக வாசனை சோப்பு போட்டுக் குளிப்பாட்டினாள். முகர்ந்தது எதுவும் கலையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, மூக்கம்மாவின் தலைக்குள் தெருவே முண்டியடித்தது.

மறுநாள் நாலரைக்கு ஆய்வாளர் வண்டியோடு வந்தார். அதற்குள் மகள் அம்மாவின் கைகளை வெந்நீரில் மூன்று தடவை கழுவியிருந்தாள். ஊறிய வாசனை போகவில்லை. மூக்கம்மா கையை உதற ஆரம்பித்தாள். மீட்டர்காரர் சட்டைக் கையைச் சுருட்டி, தன் இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் அந்த மடிப்பில் மூக்கைப் புதைத்து, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"ஒண்ணுமே மணக்கல," என்றாள்.

இப்படி ஒரு பாராட்டை அவர் தன் வாழ்நாளில் வாங்கியதில்லை. கண்ணைத் துடைக்க வலது கைதான் மிச்சமிருந்தது.

"சரி, அடுத்ததக் கொண்டாங்க."

அன்றும் வந்திருந்த நர்ஸ் எலுமிச்சைப் புல்லைப் பஞ்சில் நனைத்து எட்டப் பிடித்தார். அது தேறியது. அடுத்து மூக்கம்மா ஆய்வாளரை முகர்ந்து பார்த்து, இவர் இன்றைக்குக் குளிக்கவில்லை என்று அறிவித்தாள். உண்மைதான். வெளியே எந்த வாசனையும் வேறு வீட்டுக்குள் நுழையவில்லை. அவர் நோட்டீஸைக் கிழித்துவிட்டு, வண்டியில் தனியாகத் திரும்பினார்.

வாசனைகள் இப்போதும் நாலரைக்குக் கிளம்புகின்றன. கடைசி வீட்டு வாசலில் வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக உள்ளே போய் முகரப்பட்டு, ஆறு மணிக்குள் வீடு திரும்புகின்றன. மூக்கம்மா திருப்பி அனுப்பிய ரொட்டியைப் பேக்கரிக்காரர் மறுபடி பிசைகிறார், மறுத்துப் பேசுவதில்லை. தையல்காரர் மீட்டர்காரருக்கு இடது கை வைக்காமல்தான் சட்டை தைக்கிறார். யாராவது கேட்டால், அவருக்கு அளவே அதுதான் என்கிறார்.